ரிலேயும் கண்டன்சரும்: மோட்டார் வண்டிகளில் கணநேர மின்துடிப்பின் வரலாறு

கணநேர மின்துடிப்பு என்பது மின்சுற்றில் தொடங்கி, மிகச் சிறிது நேரம் நீடித்து, தானாகவே நின்றுவிடும் மின்னோட்டம். மோட்டார் வண்டிகளில் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறி, திரும்பும் திசையைக் காட்டும் இண்டிகேட்டரின் மினுக்கல், தூறலில் விட்டுவிட்டு ஓடும் வைப்பர், கதவுகளை ஒரே நேரத்தில் பூட்டும் சென்ட்ரல் லாக் ஆகியவை இத்தகைய துடிப்புகளால் இயங்குகின்றன. நுண்செயலிகள் வண்டிக்குள் வருவதற்கு முன் இத்துடிப்புகளை உருவாக்கும் பணியில் ரிலேயும், பட்டறைகளில் கண்டன்சர் என்று அழைக்கப்படும் மின்தேக்கியும் பெரும் பங்கு வகித்தன. மின்னோட்டத்தைத் தொடங்கிவைக்க ஒரு சுவிட்ச் போதும். அதை உரிய நேரத்தில் நிறுத்துவதற்கே இவ்விரண்டும் தேவைப்பட்டன.

இந்நுட்பம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவானது. தமிழகத்தில் அது மோட்டார் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த இடங்களில் மதுரை முக்கியமானது. மதுரையின் தென்மேற்கிலுள்ள பழங்காநத்தமும் அதையடுத்த டி.வி.எஸ். நகரும் அத்தொழிலோடு நெருங்கிய தொடர்பு கொண்டவை.

பழங்காநத்தமும் மோட்டார் தொழிலும்

திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனம் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பேருந்துகளையும் லாரிகளையும் இயக்கியது. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது இந்நிறுவனம் கரிவாயுவால் வண்டிகளை ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்னும் கருவியைத் தயாரித்தது. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய விநியோகஸ்தராகவும் விளங்கியது.

நிறுவன ஊழியர்களின் குடியிருப்பாக உருவான டி.வி.எஸ். நகர் பழங்காநத்தத்தை ஒட்டி அமைந்தது. 1972-ல் தமிழகத்தில் தனியார் பேருந்துகள் அரசுடைமையாக்கப்பட்டபோது டி.வி.எஸ். பேருந்துகள் புதிதாகத் தொடங்கப்பட்ட பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் அடித்தளமாயின. அக்கழகத்தின் வழிவந்த அரசுப் போக்குவரத்துக் கழக மதுரைக் கோட்டத்தின் தலைமை அலுவலகம் பைபாஸ் சாலையில் உள்ளது. காளவாசலிலிருந்து வரும் அந்தச் சாலை பழங்காநத்தத்தில் முடிகிறது.

1999-ல் மாட்டுத்தாவணியில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்படும் வரை திருநெல்வேலி, நாகர்கோவில் முதலிய தென்மாவட்ட ஊர்களுக்கான பேருந்துகள் பழங்காநத்தம் பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டன. இரவு வண்டிக்கு முகப்பு விளக்கும், மழைக்காலத்தில் வைப்பரும், எல்லா நேரமும் செல்ஃப் மோட்டாரும் இண்டிகேட்டரும் வேலை செய்தாக வேண்டும். எஞ்சின் மெக்கானிக்கிலிருந்து வேறுபட்ட ‘ஆட்டோ எலெக்ட்ரீஷியன்’ என்னும் தொழில், பேருந்துகளும் லாரிகளும் கூடும் இத்தகைய இடங்களில்தான் நிலைபெற்றது. ஒரு டெஸ்ட் லேம்ப், குறடு, ஒயர்ச் சுருள், சால்டரிங் அயர்ன் ஆகியவை அத்தொழிலின் அடிப்படைக் கருவிகள்.

இரண்டு உறுப்புகள்

மின்தேக்கி 1745-46-ல் லைடன் ஜாடி என்ற வடிவில் கண்டறியப்பட்டது. ஜெர்மனியில் எவால்ட் வான் கிளைஸ்ட், ஹாலந்தின் லைடன் நகரில் பீட்டர் வான் முஷென்புரூக் ஆகிய இருவரும் தனித்தனியே இதைக் கண்டனர். காலியான மின்தேக்கியில் மின்னழுத்தத்தைச் செலுத்தினால் முதலில் மின்னோட்டம் வேகமாகப் பாயும். மின்தேக்கி நிறைய நிறைய ஓட்டம் குறைந்து, இறுதியில் நின்றுவிடும். வாய் குறுகிய குடத்தில் தண்ணீர் பிடிப்பதைப் போன்றது இது. குடம் நிரம்பியதும் அதற்குமேல் தண்ணீர் ஏறுவதில்லை.

ரிலே 1830-களில் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றியின் மின்காந்த ஆய்வுகளிலிருந்து தோன்றியது. இரும்புத் துண்டின்மீது சுற்றப்பட்ட காயிலில் சிறிய மின்னோட்டம் பாயும்போது அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கிறது. அத்தகட்டோடு இணைந்த பாயிண்டுகள் சேர்ந்து வேறொரு பெரிய மின்னோட்டத்துக்கு வழிவிடுகின்றன. தொலைதூரத் தந்திக் கம்பிகளில் வலுவிழந்த சைகையை அடுத்த கட்டத்துக்குப் புதிய வலுவோடு அனுப்ப இது பயன்பட்டது. நெடும்பயணத்தில் களைத்த குதிரைகளை மாற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த சொல்லே இதற்குப் பெயரானது.

காருக்கான ரிலேயின் முனைகளுக்கு ஜெர்மானியத் தரமான டி.ஐ.என். 72552 எண்களை வகுத்தது. 85, 86 ஆகியவை காயிலின் முனைகள். 30 பேட்டரியிலிருந்து வருவது. 87 ரிலே இழுக்கும்போது மின்சாரம் வெளியேறும் முனை. 87ஏ ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-உடன் சேர்ந்திருப்பது. ஆங்கிலம் அறியாத மெக்கானிக்கும் ‘முப்பது’, ‘எண்பத்தேழு’ என்று இம்முனைகளைச் சொல்லிப் புரியவைக்க முடிந்தது. பல நிறுவனங்களும் இதே எண்களைப் பின்பற்றியதால் ஒரு நிறுவனத்தின் ரிலே பழுதானால் வேறு நிறுவனத்தின் ரிலேயைப் பொருத்துவது எளிதாயிற்று.

தீப்பொறி: வண்டிக்குள் வந்த முதல் துடிப்பு

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி ஒவ்வொரு முறையும் குறித்த கணத்தில் தோன்றி உடனே மறைய வேண்டும். நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது விநாடிக்கு 100 தீப்பொறிகள் தேவைப்படுகின்றன.

1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மரப்பெட்டிக் காயில் இருந்தது. அக்காயிலின் தலையில் ஒரு தகடு அதிர்ந்துகொண்டிருக்கும். காந்தம் தகட்டை இழுக்கும்போது பாயிண்ட் பிரியும். மின்சாரம் நின்றதும் காந்தம் விடுபட்டுப் பாயிண்ட் மீண்டும் சேரும். தன் மின்சாரத்தைத் தானே வெட்டிக்கொள்ளும் ரிலே என்று இதைக் கூறலாம். பாயிண்டோடு ஒரு கண்டன்சரும் இணைக்கப்பட்டிருந்தது. வண்டியின் மின்சுற்றில் ரிலேயும் கண்டன்சரும் சேர்ந்து துடிப்பை உண்டாக்கியதற்குப் பரவலாக அறியப்பட்ட தொடக்ககால எடுத்துக்காட்டு இதுவே. மின்சார ஹாரன் ஒலிப்பதும் இதே அதிர்வு முறையில்தான்.

டெல்கோ நிறுவனத்தைத் தோற்றுவித்த சார்லஸ் கெட்டரிங் அதிரும் தகட்டை நீக்கினார். அவருடைய முறையில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கேம் பாயிண்டைத் திறந்து மூடியது. பாயிண்ட் மூடியிருக்கும்போது இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகும். பாயிண்ட் திறந்ததும் அப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும். அதுவே ஸ்பார்க் பிளக்கில் பொறியாகிறது.

இதில் கண்டன்சரின் பங்கு பலரால் கவனிக்கப்படாதது. பாயிண்ட் பிரியும் கணத்தில் காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் உடனே நிற்க மறுத்து, பாயிண்டின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய முயலும். அப்படிப் பாய்ந்தால் பாயிண்ட் கருகும். காந்தப்புலமும் மெதுவாகச் சரிந்து, பிளக்கில் பொறி வலுவிழக்கும். பாயிண்டுக்கு இணையாக உள்ள சுமார் 0.2 மைக்ரோஃபாரட் கண்டன்சர் அந்த மின்சாரத்தை ஏந்திக்கொள்கிறது. பாயிண்ட் அகலத் திறப்பதற்குத் தேவையான சிறு அவகாசம் அதனால் கிடைக்கிறது. கண்டன்சர் கெட்டால் எஞ்சின் தும்மும், இழுவை குறையும், பாயிண்ட் அடிக்கடி தேயும். பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் கோளாறு திரும்ப வந்தால் கண்டன்சரை மாற்றுவது பட்டறைகளின் வழக்கமாயிற்று.

கெட்டரிங்கின் டெல்கோ பின்னர் ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியானது. டி.வி.எஸ். வழியே தென்னிந்தியாவுக்கு வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் இந்தப் பற்றவைப்பு முறையைக் கொண்டவை. பிரிட்டிஷ் வண்டிகளில் லூகாஸ் நிறுவனத்தின் மின்கருவிகள் இருந்தன. 1961-ல் லூகாஸும் டி.வி.எஸ்ஸும் கூட்டாகத் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் ஆலை அமைத்து செல்ஃப் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில், வைப்பர் மோட்டார் முதலியவற்றை இந்தியாவிலேயே தயாரித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், பழுதான உறுப்புக்கு உள்நாட்டிலேயே மாற்று கிடைத்தது பட்டறைத் தொழிலுக்குப் பெரிய ஆதரவாக அமைந்தது.

இண்டிகேட்டர்

தொடக்ககால ஓட்டுநர்கள் கையை வெளியே நீட்டித் திரும்பும் திசையைக் காட்டினர். 1928 முதல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் மின்காந்தத்தால் வெளியே நீளும் கைகாட்டியைத் தயாரித்தது. பிரிட்டனில் லூகாஸும் இத்தகைய கைகாட்டிகளைச் செய்தது. பழைய மாரிஸ் கார்களின் கதவுத் தூணிலிருந்து நீண்டு எரிந்த சிறிய கைகள் இவை. 1939-ஆம் ஆண்டின் பியூக் கார்களில் மினுங்கும் இண்டிகேட்டர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. பிரேக் விளக்கு முதலிய பிற விளக்குகள் தொடர்ந்து எரியும்போது, விட்டுவிட்டு எரியும் விளக்கு கண்ணை உடனே ஈர்க்கும் என்பதே மினுக்கலின் அடிப்படை.

பழைய ஃப்ளாஷர்களில் மின்தேக்கி இல்லை. லூகாஸின் எஃப்.எல். 5 என்னும் உருளை வடிவ ஃப்ளாஷரில் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி ஒன்று மின்சாரத்தால் சூடாகி நீளும். அப்போது பாயிண்ட் சேர்ந்து விளக்கு எரியும். கம்பி ஆறிச் சுருங்கியதும் பாயிண்ட் பிரியும். அதன் பி, எல், பி என்னும் மூன்று முனைகள் முறையே பேட்டரி, விளக்கு, ஓட்டுநர் முன்னுள்ள சிறு எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றைக் குறித்தன. வெப்பத்தால் இயங்கிய இவ்வகை ஃப்ளாஷர்களின் வேகம் பேட்டரியின் அழுத்தத்துக்கும் வானிலைக்கும் ஏற்ப மாறியது.

ரிலேயும் மின்தேக்கியும் கொண்ட ஃப்ளாஷர் இக்குறையைக் குறைத்தது. இதில் ரிலேயின் ஒரே இரும்பின்மீது இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்றின் வழியே விளக்கின் மின்சாரம் செல்கிறது. மற்றொன்றின் வழியே பெரிய மின்தேக்கி நிறைந்தும் வடிந்தும் வருகிறது. மின்தேக்கி நிறையும்வரை பாயிண்ட் ஒரு நிலையில் பிடித்துவைக்கப்படும். நிறைந்ததும் விடுபடும். வடிந்ததும் சுழற்சி மறுபடி தொடங்கும். 1970-களின் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் இவ்வகை பரவலாக இருந்தது.

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இண்டிகேட்டர் மஞ்சள் கலந்த செம்மை நிறத்தில் நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் மினுங்க வேண்டும் என்று வரையறுத்தன. அதற்கும் மெதுவாக மினுங்கினால் பின்னால் வருபவர் அதைக் காணும் முன்பே வண்டி திரும்பிவிடக்கூடும். மிக விரைவாக மினுங்கினால் தொடர்ந்து எரிவதைப்போலத் தோன்றும்.

ஃப்ளாஷரின் ‘டிக் டிக்’ ஓசை ரிலேயின் தகடு அடித்துக்கொள்வதால் எழுந்தது. அது ஓட்டுநருக்குச் செய்தியாகவும் அமைந்தது. 12 வோல்ட் வண்டியில் ஒரு பக்கத்தின் முன்னும் பின்னும் உள்ள 21 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 3.5 ஆம்பியர் இழுக்கும். ஒரு பல்பு கருகினால் அது பாதியாகக் குறையும். வெப்ப ஃப்ளாஷர்களில் மினுக்கலின் தாளம் அதனால் மாறிவிடும். பின்னர் வந்த மின்னணு ஃப்ளாஷர்களில் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும்படி திட்டமிட்டே அமைத்தனர். வண்டியைவிட்டு இறங்காமலே, ஓசையைக் கொண்டு பல்பு போனதை ஓட்டுநர் அறிந்துகொள்ள முடிந்தது.

வைப்பரும் ஒரு வழக்கும்

தூறல் மழையில் வைப்பர் இடைவிடாது ஓடினால் கண்ணாடி உலர்ந்து கீறல் விழும். ஓட்டுநர் அதைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருக்க வேண்டும். 1961-ல் லூகாஸின் பொறியாளர் ஜான் ஏமோஸ் விட்டுவிட்டு இயங்கும் மின்னணு வைப்பருக்குப் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கப்பட்ட ஆண்டும் அதுவே.

அமெரிக்காவில் ராபர்ட் கெர்ன்ஸ் என்ற பொறியாளர் கண் இமைப்பதை முன்மாதிரியாகக் கொண்டு இதேபோன்ற சுற்றை அமைத்து 1964-ல் விண்ணப்பித்தார். மின்தடையின் வழியே மின்தேக்கி மெல்ல நிறைகிறது. குறித்த அழுத்தத்தை எட்டியதும் டிரான்சிஸ்டர் திறந்து மோட்டாருக்கு ஒரு துடிப்பு செல்கிறது. மின்தடையின் அளவைத் திருகி மாற்றினால் இரு துடைப்புகளுக்கு இடையிலான நேரம் கூடும் அல்லது குறையும். ஃபோர்டு நிறுவனம் 1969-ல் இத்தகைய வைப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தன் கண்டுபிடிப்பு அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாகக் கெர்ன்ஸ் தொடுத்த வழக்கு 1990-ல் ஃபோர்டு 1 கோடியே 2 லட்சம் டாலர் தர இசைந்ததோடு முடிந்தது. அதில் பயன்பட்ட மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் எவையும் புதியவை அல்ல என்பது நிறுவனத் தரப்பின் வாதமாக இருந்தது. தெரிந்த உறுப்புகளைப் புதிய முறையில் சேர்ப்பதும் கண்டுபிடிப்பே என்பது கெர்ன்ஸின் நிலைப்பாடு.

ஒற்றைத் துடிப்புச் சுற்று

இண்டிகேட்டரும் வைப்பரும் தொடர்துடிப்பில் இயங்குபவை. வேறு சில கருவிகளுக்கு ஒரே ஒரு துடிப்பு மட்டும் போதும். சுவிட்ச் எவ்வளவு நேரம் போடப்பட்டிருந்தாலும் கருவிக்கு அரை விநாடி மட்டுமே மின்சாரம் செல்ல வேண்டும். சென்ட்ரல் லாக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கதவுக்குள் உள்ள சிறிய மோட்டார் பூட்டைத் தள்ளி முடித்தபின் அதற்குமேல் நகர இடமில்லை. மின்சாரம் தொடர்ந்தால் மோட்டார் நின்ற இடத்திலேயே சூடேறிக் கருகும். டீசல் எஞ்சினின் எரிபொருள் நிறுத்தும் சோலனாய்டும் இத்தகையதே. இழுப்பதற்கு ஒரு கணம் பெரிய மின்னோட்டமும், இழுத்தபின் பிடித்துவைக்கச் சிறிய மின்னோட்டமும் அதற்குத் தேவை. இழுக்கும் சுற்றில் மின்சாரம் நிற்காவிட்டால் சோலனாய்டு எரிந்துவிடும்.

இதற்கான எளிய சுற்றில் ரிலேயின் காயிலோடு தொடராக ஒரு மின்தேக்கி இணைக்கப்படுகிறது. சுவிட்சைப் போட்டதும் காலி மின்தேக்கியை நோக்கிப் பாயும் மின்னோட்டம் காயிலின் வழியே செல்கிறது. ரிலே இழுக்கிறது. மின்தேக்கி நிறைய நிறைய ஓட்டம் குறைந்து, தகட்டைப் பிடித்துவைக்கப் போதாத அளவுக்கு வந்ததும் ரிலே விடுபடுகிறது. சுவிட்ச் போட்டபடியே இருந்தாலும் துடிப்பு முடிந்துவிடும்.

துடிப்பின் நீளத்தை எளிதாகக் கணக்கிடலாம். 12 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 85 ஓம் என்றும், மின்தேக்கி 2200 மைக்ரோஃபாரட் என்றும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் சுமார் 0.19 விநாடி கிடைக்கும். இது சுற்றின் நேர மாறிலி. 2.4 வோல்ட் அளவில் ரிலே விடுபடுவதாகக் கொண்டால் துடிப்பு சுமார் 0.3 விநாடி நீடிக்கும். மின்தேக்கியை 4700 மைக்ரோஃபாரட்டாக மாற்றினால் அது 0.6 விநாடியைத் தாண்டும்.

இச்சுற்றுக்கு இன்னொரு தேவையும் உண்டு. சுவிட்சை நிறுத்தியபின் மின்தேக்கியில் நிறைந்த மின்னூட்டம் வடிந்தாக வேண்டும். வடியாவிட்டால் அடுத்த முறை சுவிட்சைப் போடும்போது துடிப்பே எழாது. இதற்காக மின்தேக்கிக்கு இணையாகச் சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்று வைக்கப்படுகிறது. அது மிகச் சிறியதாக இருந்தால் அதன் வழியே பாயும் மின்சாரமே ரிலேயை விடாமல் பிடித்துவைக்கும். மிகப் பெரியதாக இருந்தால் மின்தேக்கி வடிய நெடுநேரம் ஆகும்.

மின்தேக்கியைக் காயிலுக்குத் தொடராக வைக்காமல் இணையாக வைத்தால் வேறு பயன் கிடைக்கும். சுவிட்சை நிறுத்தியபின்னும் மின்தேக்கி காயிலுக்கு மின்சாரம் தருவதால் ரிலே சிறிது நேரம் பிடித்திருந்து பிறகு விடுபடும். அப்போது மின்னூட்டம் வேறு சுற்றுகளுக்குத் திரும்பிப் பாயாமல் இருக்க ஒரு டையோடு தேவைப்படும். கதவை மூடியபின் உள்விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைவது போன்ற பணிகளுக்கு இவ்வமைப்பு ஏற்றது.

1983 இறுதியில் சந்தைக்கு வந்த மாருதி 800 இந்தியாவில் தனியார் கார்களின் எண்ணிக்கையைப் பெருக்கியது. சென்ட்ரல் லாக், அலாரம், பவர் விண்டோ முதலியவை அக்காலக் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. அவற்றை வெளியே வாங்கிப் பொருத்தும் வேலை ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்கு வந்தது. வண்டியிலிருந்து கிடைக்கும் தொடர் மின்சாரத்தைத் துடிப்பாக மாற்றுவது, பாசிட்டிவ் சைகையை நெகட்டிவ் சைகையாகத் திருப்புவது போன்ற பணிகளை அவர்கள் ரிலேக்களைக் கொண்டே செய்தனர்.

தவறுகளும் ஆபத்துகளும்

இச்சுற்றில் பயன்படும் பெரிய மின்தேக்கிகள் மின்பகுளி வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகள் உண்டு. மாற்றி இணைத்தால் உள்ளே வாயு உண்டாகி வெடிக்கக்கூடும். 1960-கள் வரை பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருந்தது. அத்தகைய பழைய காரில் வழக்கமான நினைப்பில் மின்தேக்கியைப் பொருத்துவது ஆபத்தானது.

‘12 வோல்ட் வண்டி’ என்பது பெயரளவிலான அளவு. ஆல்டர்னேட்டர் ஓடும்போது அழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். காயில்கள் விடுபடும்போது கணநேரத்துக்கு அதைவிடப் பல மடங்கு அழுத்தம் எழும். எனவே 16 வோல்ட் மின்தேக்கி போதாது. 25 அல்லது 35 வோல்ட் தாங்குவது தேவை. 24 வோல்ட் வண்டிகளுக்கு 50 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

வெப்பமும் மின்தேக்கியின் பகை. வேலைசெய்யும் வெப்பநிலை 10 பாகை கூடினால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. கோடையில் 40 பாகை செல்சியஸைத் தொடும் மதுரையில், வெயிலில் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் வெப்பம் அதைவிட மிகுதி. உள்ளிருக்கும் திரவம் உலர்ந்தால் தேக்கும் திறன் குறைந்து துடிப்பு சுருங்கும். அப்போது பூட்டு பாதி தூரம் நகர்ந்து நின்றுவிடும். மாறாக மின்தேக்கி உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலோ, ரிலேயின் பாயிண்டுகள் உருகி ஒட்டிக்கொண்டாலோ துடிப்பு முடியாமல் மின்சாரம் தொடர்ந்து பாயும். முதல் வகைப் பழுது தொந்தரவு மட்டுமே தருவது. இரண்டாவது வகை ஒயரைச் சூடேற்றித் தீ வரை கொண்டுசெல்லக்கூடியது.

துடிப்பைத் தரும் சுற்றிலும் அதன் மின்சாரம் வரும் வழியில், பேட்டரிக்கு அருகிலேயே, உரிய அளவு பியூஸ் இருக்க வேண்டும் என்பது இதனால்தான் விதியாயிற்று. பியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது, முடியவேண்டிய மின்னோட்டத்தை முடிக்க இருந்த கடைசி வழியையும் அடைப்பதாகும்.

மின்னணு முறைக்கு மாற்றம்

1957-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டரை உருவாக்கியது. பாயிண்ட் இல்லாமலே பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிட அது வழிசெய்தது. சி.டி.ஐ. எனப்படும் பற்றவைப்பு முறையில் மின்தேக்கி சில நூறு வோல்ட் அளவுக்கு நிறைக்கப்பட்டு, உரிய கணத்தில் தைரிஸ்டர் வழியே இக்னிஷன் காயிலில் ஒரேயடியாகக் கொட்டப்படுகிறது. கெட்டரிங்கின் முறையில் பாயிண்டைக் காத்துநின்ற மின்தேக்கி இதில் துடிப்பின் ஊற்றாகவே மாறியது. டி.வி.எஸ். குழுமத்தின் தொடர்புடைய இந்தியா நிப்பான் எலெக்ட்ரிக்கல்ஸ் ஒசூரில் இருசக்கர வண்டிகளுக்கான இத்தகைய மின்னணுப் பற்றவைப்புக் கருவிகளைத் தயாரித்தது. பாயிண்டுக்கும் கண்டன்சருக்கும் பழகிய மெக்கானிக்குகள் தேய்க்கவோ இடைவெளி பார்க்கவோ எதுவும் இல்லாத, பிசினால் அடைத்து மூடிய சிறு பெட்டியைச் சந்தித்தனர். பழுதானால் மாற்றுவது ஒன்றே வழியானது.

1972-ல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 555 என்னும் நேரங்காட்டிச் சில்லும், பின்னர் ஃப்ளாஷருக்கெனவே வந்த சில்லுகளும் ரிலேயின் வேலையைப் பாகம் பிரித்தன. காலத்தை அளப்பது சில்லும் சிறிய மின்தேக்கியும். விளக்குக்கு மின்சாரம் தருவது மட்டும் ரிலே. இன்றைய கார்களில் விளக்கு, பூட்டு, வைப்பர் ஆகியவற்றை ஒரே கட்டுப்பாட்டுக் கணினி கவனிக்கிறது. சுவிட்ச் ஒரு செய்தியை மட்டும் அனுப்புகிறது. துடிப்பின் நீளம் நிரலில் எழுதப்பட்ட எண்ணாகிவிட்டது.

எல்.இ.டி. விளக்குகளின் வருகை இம்மாற்றத்தின் சிக்கலைக் காட்டியது. சாதாரண இண்டிகேட்டர் பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. பொருத்தினால் அது மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். பல்பு கருகிவிட்டதாகக் கொண்டு ஃப்ளாஷர் விரைவாக மினுங்கும். அதை ஏமாற்ற விளக்குக்கு இணையாக மின்தடை பொருத்துவோர் உண்டு. அந்த மின்தடை பழைய பல்பைப் போலவே சூடாகும். பிளாஸ்டிக்கை ஒட்டி வைத்தால் அதை உருக்கும். மேலும், எல்.இ.டி. உண்மையாகவே பழுதானாலும் மின்தடை மின்சாரம் எடுத்துக்கொண்டே இருப்பதால் எச்சரிக்கை எழாது. எல்.இ.டி.க்கு ஏற்ற ஃப்ளாஷரை மாற்றுவதே முறையான தீர்வு.

இன்றைய நிலை

புதிய கார்கள் பலவற்றில் இண்டிகேட்டரின் ‘டிக் டிக்’ ஓசை ரிலேயிலிருந்து வருவதில்லை. ஓட்டுநர்கள் பழகிவிட்ட ஓசை என்பதால் அதை ஒலிபெருக்கி வழியே செயற்கையாக எழுப்புகிறார்கள். எனினும் ரிலே மறைந்துவிடவில்லை. ஹாரன், முகப்பு விளக்கு, செல்ஃப் மோட்டார் முதலிய பெரிய மின்சுமைகளுக்கு இன்றும் பல வண்டிகளில் அதுவே பயன்படுகிறது.

தொழிற்பயிற்சி நிலையங்களின் வாகன மின்னியல் பாடங்களில் ரிலேயும் மின்தேக்கியும் தொடர்ந்து இடம்பெறுகின்றன. கணினி நிரலை மாற்ற மெக்கானிக்குக்கு வசதி இல்லை என்றாலும், ஒரு மோட்டாருக்கு எவ்வளவு நேரம் மின்சாரம் செல்லலாம், நிற்காவிட்டால் எது எரியும் என்ற அறிவு எந்த வண்டிக்கும் தேவைப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. புதிய வண்டிகளின் ஒயரிங்கை வெட்டி வேறு கருவிகளைச் சேர்த்தால் உத்தரவாதத்தை இழக்கவும் நேரலாம்.

பழைய ஆம்னி வேன்கள், டிராக்டர்கள், லாரிகள் ஆகியவற்றில் ரிலே-கண்டன்சர் சுற்றுகள் இன்னும் பழுதுபார்க்கப்படுகின்றன. ஒரு ரிலே, ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை, ஒரு பியூஸ் ஆகிய நான்கே உறுப்புகளில் முடியும் இச்சுற்றைப் பிரித்துப் பார்த்து, பழுதான ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்பது இதன் நிலைத்த சிறப்பு.